டோகமாக்கின் கடைசிச் சில சென்டிமீட்டர்கள்: கொந்தளிப்பை அடக்கினால் போதுமா?

டோகமாக் என்பது அணுக்கரு இணைவுக்காக மிகச் சூடான, மின்னேற்றம் பெற்ற வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் இயந்திரம். அதைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். "டோகமாக்கின் நடுவே பல கோடி டிகிரி வெப்பத்தை உண்டாக்கத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் பிளாஸ்மாவின் ஓரத்தில் இருக்கும் கொந்தளிப்பைப் பற்றியே இன்னமும் பேசுகிறார்கள்? அதை ஒரேயடியாக அடக்கிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?" முதல் பகுதிக்குப் பதில் சுருக்கமானது. நடுப்பகுதி எவ்வளவு சூடாகும் என்பதைப் பெருமளவு ஓரம்தான் தீர்மானிக்கிறது. இரண்டாவது பகுதிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கொந்தளிப்பு அடங்கினால் நிலைத்தன்மை தானாக வந்துவிடும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் துறைக்குள் வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். விளிம்பில் நடப்பதோ ஏறக்குறைய நேர்மாறானது. சின்னக் கொந்தளிப்பு அடங்குவதாலேயே பெரிய நிலையின்மை ஒன்று வளர அங்கே இடம் கிடைக்கிறது. ஒரு நடுத்தர அளவு டோகமாக்கின் ஓரத்தில் மின்முனைகளை வைத்து அளந்த தரவுகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோட்பாடும் பெருங்கணினிக் கணக்கீடும் என் கைத்தொழில் அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்லும்போது கவனமான வாசகனாகவே சொல்கிறேன்.

அளவுகளுக்கு, தெற்கு பிரான்சின் கதராஷில் கட்டப்பட்டு வரும் ஐ.டி.இ.ஆர். இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம், 'ஈட்டர்' என்று உச்சரிப்பார்கள். வளைய வடிவமான அதன் பிளாஸ்மாவில் வளையத்தின் ஆரம் 6.2 மீட்டர், குழல் பகுதியின் ஆரம் 2 மீட்டர். நடுவில் திட்டமிட்டிருக்கும் வெப்பநிலை சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ். ஆனால் அடர்த்தி மிகக் குறைவு, நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறக்குறைய இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குதான். வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியுமல்லவா, காந்தப்புலக் கோடுகள் அப்படி ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய பரப்புகளின்மேல் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. மின்னேற்றம் பெற்ற துகள்கள் அந்தக் கோடுகளைச் சுற்றி, அயனிகளானால் சில மில்லிமீட்டர் ஆரத்தில், சுழன்றபடியே செல்கின்றன. மூடிய பரப்புகளில் கடைசியாக ஒன்று உண்டு. அதற்கு வெளியே உள்ள கோடுகள் மூடியவை அல்ல, அவை நேராக இயந்திரத்தின் அடியில் இருக்கும் டைவர்ட்டர் என்ற தகடுகளில் போய் முட்டுகின்றன. இந்த எல்லையைப் பிரிபரப்பு என்று அழைக்கிறேன். உள்ளே இருக்கும் துகள் வெளியே வர வேண்டுமானால் பட்டை பட்டையாகக் குறுக்கே கடந்து வர வேண்டும். பிரிபரப்பைத் தாண்டிவிட்டால் கோட்டோடு ஓடி மில்லி விநாடி அளவிலான நேரத்தில் தகட்டைத் தொட்டுவிடும்.

துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மட்டுமே குறுக்கே நகர்கின்றன என்று வைத்துக் கணக்கிட்டால் வரும் கசிவைவிட, சோதனைகளில் அளந்த கசிவு, குறிப்பாக எலெக்ட்ரான்களுக்கு, பத்து முதல் நூறு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அந்த உபரியைச் சுமந்து செல்வது கொந்தளிப்பு என்பதில் இன்று ஐயமில்லை. நடுப்பகுதியில் இந்தக் கொந்தளிப்புக்கு ஒரு குணம் உண்டு. களத்தில் நெல்லைக் கொட்டிக் குவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மரக்கால் கொட்டினாலும் குவியலின் சாய்வு ஓர் அளவுக்குமேல் செங்குத்தாவதில்லை. மிஞ்சிய நெல் சரிந்து அடிக்குப் போய்விடும். வெப்பநிலைச் சரிவும் அப்படித்தான். எல்லையைத் தாண்டியதும் கொந்தளிப்பு பெருகி, கூடுதலாகக் கொடுத்த வெப்பத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதே குவியலை ஒரு மேடைமேல் குவித்தால் அதன் உச்சி உயரும். பிளாஸ்மாவில் அந்த மேடை விளிம்பில் அமைகிறது, அதைப் 'பெடஸ்டல்', அதாவது பீடம், என்றே அழைக்கிறார்கள். உவமை ஓரிடத்தில் பிசகுகிறது: நெல்லில் மேடையின் உயரம் உச்சியோடு வெறும் கூட்டலாகச் சேர்கிறது, பிளாஸ்மாவில் ஏறக்குறைய பெருக்கலாகவே செயல்படுகிறது. ஈட்டரில் சில சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தப் பீடத்தின் மேற்பகுதியிலேயே வெப்பநிலை ஐந்து கோடி டிகிரி அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இணைவு ஆற்றலோ அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஓரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

விளிம்பில் கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான். காந்தப்புலம் வளையத்தின் உட்பக்கத்தில் வலுவாகவும் வெளிப்பக்கத்தில் வலுக்குறைந்தும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வாலும் கோடுகளின் வளைவாலும் அயனிகள் ஒரு செங்குத்துத் திசையிலும் எலெக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையிலும் மெல்ல நகர்கின்றன. வெளிப்பக்கத்தில் எங்காவது அடர்த்தியான பிளாஸ்மா சற்றே வெளியே புடைத்துக்கொண்டால், அந்தப் புடைப்பின் மேல்விளிம்பில் ஒரு மின்னேற்றமும் கீழ்விளிம்பில் மற்றதும் சேர்ந்துவிடும். இடையில் உருவாகும் மின்புலம், காந்தப்புலத்தோடு கூடி, புடைப்பை இன்னும் வெளியே தள்ளும். உட்பக்கத்தில் இதே விளைவு புடைப்பை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கொந்தளிப்பு வளையத்தின் வெளிப்பக்கத்தில்தான் மிகுதி. பல இயந்திரங்களில், பல கருவிகளால் அளந்து உறுதி செய்த செய்தி இது. விளிம்பில் சுழல்களின் அளவு சென்டிமீட்டர் கணக்கு, ஆயுள் மைக்ரோ விநாடிகளில் பத்துக் கணக்கு. நடுவில் அடர்த்தியின் ஏற்ற இறக்கம் ஒரு சதவீத அளவிலேயே இருக்கும், விளிம்பில் அது பத்து சதவீதத்தைத் தாண்டும், பிரிபரப்புக்கு வெளியே சராசரி அளவையே எட்டிப்பிடிக்கும். அங்கே பிளாஸ்மா துண்டு துண்டாகப் பிய்ந்து, காந்தக் கோட்டின் நீளவாக்கில் இழைகளாக, வெளிச்சுவரை நோக்கிப் பறக்கிறது.

இந்த இழைகளைப் பற்றி எனக்கு ஒரு பழைய வெட்கம் உண்டு. மின்முனையிலிருந்து வந்த குறிகையில் அவ்வப்போது கூர்மையான முட்கள் எழும்பும். மின்வழங்கியின் இரைச்சல் புகுந்துவிட்டது என்று முடிவு செய்து, அந்த முட்களை வெட்டி எறியும் வடிப்பான் ஒன்றை எழுதி, மூன்று மாதத் தரவை அதில் சலித்துவைத்தேன். எல்லா முட்களும் மேல்நோக்கியே இருக்கின்றன, கீழ்நோக்கி ஒன்றுகூட இல்லை, இரைச்சல் அப்படிப் பட்சபாதம் காட்டுமா என்று உடன் வேலை செய்தவர் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். நான் வெட்டி எறிந்த முட்களே இயற்பியல், எஞ்சியதுதான் பின்னணி. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா டோகமாக்கில் விளிம்புக் கொந்தளிப்பு இப்படி விட்டுவிட்டு வெடிக்கும் இயல்புடையது, சாதாரணப் புள்ளியியல் மணி வளைவுக்குள் அடங்காதது என்பதை 1992-லேயே வெளியிட்டிருந்தார்கள். நான் அந்தக் கட்டுரையை முன்பே படித்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1982-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் இருந்த ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில், ஃபிரிட்ஸ் வாக்னரும் அவருடைய குழுவினரும், நடுநிலைத் துகள் கற்றையால் பிளாஸ்மாவைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, ஆற்றல் ஓர் அளவைக் கடந்ததும் பிளாஸ்மா திடீரென்று வேறொரு நிலைக்குத் தாவுவதைக் கண்டார்கள். வெப்பத்தைத் தக்கவைக்கும் நேரம் ஏறக்குறைய இரு மடங்கானது. விளிம்பில் ஒளிரும் ஹைட்ரஜன் வெளிச்சம் சட்டென்று மங்கியது, அதாவது கசிவு குறைந்தது. இதை 'எச்-மோட்' (உயர் தக்கவைப்பு நிலை) என்றும் பழைய நிலையை 'எல்-மோட்' (தாழ் தக்கவைப்பு நிலை) என்றும் பெயரிட்டார்கள். இந்தத் தாவலை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்கவில்லை. ஈட்டரின் வடிவமைப்பு முழுவதும் இந்த எதிர்பாராத கண்டுபிடிப்பின்மேல்தான் நிற்கிறது. துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

தாவல் நடந்த பிறகு விளிம்பில் என்ன இருக்கிறது என்பது தெளிவு. பிரிபரப்புக்குச் சற்று உள்ளே, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், மீட்டருக்குச் சில பத்தாயிரம் வோல்ட் அளவுள்ள மின்புலக் குழி ஒன்று உருவாகிறது. அந்த மின்புலம் பிளாஸ்மாவை விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் பக்கவாட்டில் ஓடவைக்கிறது. ஆனால் குழியின் ஓரத்தில் ஓட்டம் குறைவு, நடுவில் அதிகம். அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இடத்தில் ஒரு சுழல் மாட்டிக்கொண்டால், அது இழுபட்டு, நீண்டு, மெலிந்து, வெப்பத்தை வெகுதூரம் சுமக்கும் முன்பே கிழிந்துபோகும். பிக்லாரி, டயமண்ட், டெர்ரி ஆகியோர் 1990-ல் இதைக் கணிதமாக எழுதினார்கள். அதே காலத்தில் சான் டியேகோவின் டி.ஐ.ஐ.ஐ.-டி டோகமாக்கில் மின்புலம் மாறுவதை அளந்தும் காட்டினார்கள். வேக வேறுபாடுள்ள ஓட்டம் கொந்தளிப்பைக் கிழிக்கிறது என்பதை நான் உறுதியான செய்திகளின் பக்கம் வைப்பேன்.

முதல் பொறி எது என்பதை அந்தப் பக்கத்தில் வைக்க மாட்டேன். அழுத்தச் சரிவு மின்புலத்தை உண்டாக்குகிறது, மின்புலம் கொந்தளிப்பை அடக்குகிறது, கொந்தளிப்பு அடங்கியதால் சரிவு கூடுகிறது, கூடிய சரிவு மின்புலத்தை வலுப்படுத்துகிறது. இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால் நிற்காது என்பது புரிகிறது. முதல் தள்ளு யார் கொடுத்தது? கொந்தளிப்பே தன் ஆற்றலிலிருந்து ஓர் ஓட்டத்தை உண்டாக்கி, அந்த ஓட்டமே கொந்தளிப்பை உண்டுவிடுகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மானும் புலியும் மாறி மாறிப் பெருகிக் குறைவது போன்ற ஊசலாட்டத்தைத் தாவலுக்கு முன்பு பல இயந்திரங்களில் பார்த்தும் இருக்கிறார்கள். ஆஸ்டெக்ஸின் வாரிசான ஆஸ்டெக்ஸ் அப்கிரேடில் செய்த அளவீடுகளோ, அயனி அழுத்தச் சரிவிலிருந்து மட்டும் எதிர்பார்க்கும் மின்புலமே தாவலின் ஊடாகவும் போதுமானதாக இருந்ததாகக் காட்டுகின்றன. இரண்டும் வெவ்வேறு சூழல்களில் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். காந்தப்புலத்தின் திசையை மட்டும் தலைகீழாக்கினால், அதே இயந்திரத்தில் தாவலுக்குத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி இது; எல்லோரும் ஒப்புக்கொண்ட முழு விளக்கம் இன்னும் இல்லை. எளிய ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனைவிட இரு மடங்கு ஆற்றல் வேண்டியிருப்பதும் இப்படித்தான்.

அதனால்தான் ஈட்டர் எச்-மோடுக்குத் தாவ எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து கணக்கிடாமல், பல இயந்திரங்களின் தரவுகளைத் தொகுத்து 2008-ல் உருவாக்கிய அனுபவச் சூத்திரத்திலிருந்து எடுக்கிறார்கள். அது அடர்த்தி, காந்தப்புலம், பிளாஸ்மாவின் மேற்பரப்பு ஆகிய மூன்றையே கேட்கிறது. ஈட்டரின் 5.3 டெஸ்லா புலத்துக்கு, டியூட்டீரியம் பிளாஸ்மாவில், அடர்த்தியைப் பொறுத்து ஏறக்குறைய 50 முதல் 86 மெகாவாட் வரை விடை வருகிறது. ஒரு சூத்திரத்தைத் தரவு இருக்கும் எல்லைக்கு வெளியே நீட்டுகிறோம் என்பதை மறக்காமல் இந்த எண்களைப் படியுங்கள்.

இனி, கொந்தளிப்பு அடங்கிய பிறகு நடப்பது. ஏரிக்கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் எங்கும் நீர் ஊறிக் கசிந்துகொண்டிருந்தால் ஏரி நிரம்பாது; ஊற்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நீர்மட்டம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் கரை உடையும். எச்-மோட் என்பது ஊற்றை அடைத்த ஏரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இந்தக் கரையை யாரும் கட்டவில்லை, நீரின் அழுத்தமே அதை எழுப்பிக்கொள்கிறது. பீடத்தில் அழுத்தச் சரிவு செங்குத்தாக ஆக, இரண்டு ஆபத்துகள் சேர்ந்து வளர்கின்றன. முதலாவது, வளையத்தின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் காந்தக் கோடுகளைப் பலூன் போலப் புடைக்கச் செய்வது, இதைப் 'பலூனிங்' என்கிறார்கள். இரண்டாவது, அழுத்தச் சரிவு இருக்கும் இடத்தில் பிளாஸ்மா தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் 'பூட்ஸ்ட்ராப்' மின்னோட்டம். விளிம்பில் மின்னோட்டம் மிகுந்தால் பிளாஸ்மாவின் மேலடுக்கு தோல்போல உரிந்துகொள்ளப் பார்க்கும், இது 'பீலிங்'. வேடிக்கை என்னவென்றால், அதே மின்னோட்டம் பலூனிங்கை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து தப்பிக்கும் பாதை மற்றொன்றின் வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டும் சந்திக்கும் மூலையில் கரை உடைகிறது. ஒரு மில்லி விநாடிக்குள் பீடத்தின் ஒரு பகுதி இடிந்து, இழைகளாக வெளியே பீறிட்டு, பிறகு அமைதியாகி, மறுபடி பீடம் எழும்பத் தொடங்குகிறது. இந்த வெடிப்புக்கு 'எல்ம்' என்று பெயர். இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த மாஸ்ட் இயந்திரத்தின் அதிவேக கேமராப் படங்களில் இந்த இழைகள் பந்தைச் சுற்றிய நூல்போலத் தெளிவாகத் தெரிந்தன. அதைப் பார்த்த பிறகு இது வெறும் கோட்பாட்டாளர்களின் கற்பனை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இன்றைய இயந்திரங்களில் எல்ம் ஒரு தொந்தரவு மட்டுமே. ஈட்டரில் அப்படி இருக்க முடியாது. அதன் பிளாஸ்மாவில் சேர்ந்திருக்கும் மொத்த வெப்ப ஆற்றல் சுமார் 350 மெகாஜூல். கட்டுப்படுத்தாத பெரிய எல்ம் ஒன்று சுமார் 20 மெகாஜூலை ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்தில் வெளியேற்றும் என்று மதிப்பிடுகிறார்கள். டைவர்ட்டர் தகடுகள் தொடர்ச்சியாகச் சதுர மீட்டருக்குப் பத்து மெகாவாட் அளவில் தாங்குமாறு டங்ஸ்டனால் செய்யப்படுகின்றன. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்படிப்பட்ட உலோகமும் 20 மெகாஜூல் அடியைத் திரும்பத் திரும்ப வாங்கினால் விளிம்புகளில் உருகும், மேற்பரப்பு வெடிப்பு விடும். தகடு நெடுங்காலம் தாங்க வேண்டுமானால் ஓர் எல்மின் ஆற்றல் ஒரு மெகாஜூலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கொந்தளிப்பை அடக்கியதற்குக் கிடைத்த பரிசும் அபராதமும் ஒரே பீடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

பீடம் எவ்வளவு உயரம் வரை எழும்பும் என்பதைக் கணிப்பதில் நல்ல முன்னேற்றம் உண்டு. மேலே சொன்ன பீலிங்-பலூனிங் எல்லையோடு, சரிவைக் கட்டுப்படுத்தும் சிற்றளவு நிலையின்மை ஒன்றையும் சேர்த்து, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைப் பீடத்தின் உயரமாகவும் அகலமாகவும் எடுத்துக்கொள்ளும் 'ஈபெட்' என்ற மாதிரியைப் பிலிப் ஸ்னைடரும் குழுவினரும் உருவாக்கினார்கள். பல இயந்திரங்களில் அது இருபது சதவீத அளவுப் பிழைக்குள் பொருந்துகிறது. பிளாஸ்மா இயற்பியலில் இருபது சதவீதம் என்றால் கைதட்டலாம். ஆனால் அது அடர்த்தியை வெளியிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறது, தானாகக் கணிப்பதில்லை. கல்ஹாமிலேயே இருந்த ஜெட் என்ற பெரிய டோகமாக்கில் 2011-ல் கார்பன் சுவரை எடுத்துவிட்டுப் பெரிலியமும் டங்ஸ்டனும் பொருத்தியபோது பீடம் தாழ்ந்துவிட்டது. சுவரின் உலோகம் மாறினால் உள்ளே பிளாஸ்மாவின் நிலைத்தன்மை ஏன் மாற வேண்டும் என்ற கேள்விக்கு, வாயு செலுத்தும் அளவு, பிரிபரப்பின் அடர்த்தி, மின்தடையின் பங்கு என்று பகுதிப் பகுதியாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. கரை எப்போது உடையும் என்பதை ஓரளவு சொல்ல முடிகிறது. உடையும்போது எவ்வளவு நீர் போகும் என்பதை அவ்வளவு நம்பிக்கையோடு சொல்ல முடிவதில்லை.

நம் ஊர் ஏரிகளில் இதற்கு என்ன செய்தார்கள்? கரையில் கலங்கல் வைத்தார்கள், குறித்த மட்டத்துக்குமேல் ஏறும் நீர் அமைதியாக வழிந்து போகட்டும் என்று. இன்றைய ஆய்வின் பெரும்பகுதி பிளாஸ்மாவுக்குக் கலங்கல் தேடுவதுதான். ஒரு வழி, முதன்மைப் புலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த அளவில் ஒரு நெளிவுக் காந்தப்புலத்தை வெளியிலிருந்து சேர்த்து, விளிம்பின் பரப்புகளைச் சற்றே கலைத்துவிடுவது. டாட் எவன்ஸ் குழுவினர் டி.ஐ.ஐ.ஐ.-டி-யில் இதனால் பெரிய எல்ம்கள் அடங்குவதை 2004-ல் வெளியிட்டார்கள். பிறகு தென்கொரியாவின் கே-ஸ்டார், சீனாவின் ஈஸ்ட், ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் ஆகியவற்றிலும் நடந்தது. இதற்காகவே ஈட்டரின் உட்சுவரில் 27 சுருள்கள் பொருத்தப்படுகின்றன. ஆனால் இது குறுகிய சன்னல்களில் மட்டுமே வேலை செய்கிறது, காந்தக் கோட்டின் முறுக்கு சற்று மாறினாலும் எல்ம் திரும்பிவிடும். பிளாஸ்மாவின் அடர்த்தியும் குறைந்துவிடுகிறது. இன்னொரு வழியில், பிளாஸ்மாவே விளிம்பில் மெல்லிய தொடர் அதிர்வு ஒன்றை வைத்துக்கொண்டு கசிகிறது. டி.ஐ.ஐ.ஐ.-டி-யில் கண்ட 'க்யூ.எச்.-மோட்' அப்படிப்பட்டது. பிரிபரப்பின் அருகே அடர்த்தியைக் கூட்டி, பெரிய வெடிப்புக்குப் பதில் எண்ணற்ற சிறு இழைகளாக வழியவிடும் நிலை ஆஸ்டெக்ஸ் அப்கிரேடிலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள டி.சி.வி. டோகமாக்கிலும் ஆராயப்பட்டுள்ளது. பிளாஸ்மாவின் குறுக்குவெட்டை ஆங்கில 'டி' எழுத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, எச்-மோடுக்கே போகாமல், எல்-மோட் விளிம்போடு நல்ல தக்கவைப்பைப் பெறுவது மற்றொரு முயற்சி. எனக்கு இந்தக் கடைசி வழியின்மேல் ஒரு சாய்வு உண்டு. பீடத்தைக் கட்டிவிட்டு அதை உடையாமல் காப்பதைவிட, பீடமில்லாமல் சமாளிக்க முடிந்தால் நல்லதுதானே என்று தோன்றுகிறது. ஆனால் உலைக்குத் தேவையான அளவில் அது நிரூபிக்கப்படவில்லை. என் சாய்வை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முற்றிலும் அமைதியான விளிம்பு கிடைத்தாலும் அது வேண்டாம் என்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. சுவரிலிருந்து பெயரும் டங்ஸ்டன் அணுக்கள் உள்ளே போய்ச் சேர்ந்தால் பிளாஸ்மாவின் ஆற்றலைக் கதிர்களாக வெளியேற்றி அதைக் குளிர்வித்துவிடும். எல்ம்களும் விளிம்புக் கசிவும் அந்த அழுக்கை வெளியே கொண்டுபோகின்றன. இணைவில் உருவாகும் ஹீலியம் சாம்பலும் அவ்வழியேதான் போக வேண்டும். எல்ம் இல்லாத, கசிவும் இல்லாத எச்-மோடில் கதிர்வீச்சு கூடிக்கொண்டே போய்ப் பிளாஸ்மா சரிவது பழைய அனுபவம்.

மற்றது, பிரிபரப்புக்கு வெளியே வெப்பம் ஓடும் பட்டையின் அகலம். இன்றைய இயந்திரங்களில் அது ஒன்று முதல் சில மில்லிமீட்டர் வரை. தாமஸ் ஐக் குழுவினர் 2013-ல் தொகுத்த அனுபவச் சூத்திரத்தை ஈட்டர் வரை நீட்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவே வருகிறது. நூறு மெகாவாட் அளவிலான வெப்பம் ஒரு மில்லிமீட்டர் பட்டைக்குள் ஓடுவதைக் கற்பனை செய்துபாருங்கள். இங்கே நமக்குக் கொந்தளிப்பு வேண்டும். அது பட்டையை அகலப்படுத்தி வெப்பத்தைப் பரப்பும். சி.எஸ். சாங் குழுவினர் 2017-ல் வெளியிட்ட பெருங்கணினிக் கணக்கீடு ஈட்டருக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம் தந்தது. பெரிய இயந்திரத்தில் விளிம்புக் கொந்தளிப்பின் தன்மையே மாறிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஒரே கணக்கீடு இன்றைய இயந்திரங்களின் அளவுகளைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஈட்டருக்கு மட்டும் சூத்திரத்திலிருந்து விலகுகிறது என்பதால் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க அந்த அளவு இயந்திரம் இன்று எங்கும் இல்லை. நான் ஒரு மில்லிமீட்டருக்குத் தயாராகிக்கொண்டு, ஐந்து கிடைத்தால் மகிழ்வேன்.

கணினியில் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். நடுப்பகுதியில் சிற்றலைகள் சிறியவை, சராசரி நிலை மெதுவாக மாறுவது. இரண்டையும் பிரித்து வைத்துக் கணக்கிட முடிகிறது. விளிம்பில் அலையே சராசரியின் அளவுக்கு இருக்கிறது, பீடத்தின் அகலம் அயனிகளின் பாதை அகலத்தோடு ஒப்பிடத்தக்கது, பக்கத்திலேயே நடுநிலை வாயுவும் சுவரும் இருக்கின்றன, மூடிய கோடுகளும் திறந்த கோடுகளும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றன. எதையும் புறக்கணிக்க முடியாத இடம் அது. இருந்தும் பயன் வந்துகொண்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக, பிளாஸ்மாவின் அடர்த்திக்கு மார்ட்டின் கிரீன்வால்ட் 1988-ல் சொன்ன உச்சவரம்பு விளிம்புக் கொந்தளிப்பின் பெருக்கத்தால் வருவது, ஆகவே கொடுக்கும் ஆற்றலைப் பொறுத்து அது உயரும் என்று லோசான் குழுவினர் 2022-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது சரியென்றால் ஈட்டர் நினைத்ததைவிட அடர்த்தியாக இயங்கலாம்.

ஆக, "கொந்தளிப்பை அடக்கிவிட்டால் முடிந்ததா" என்பதற்கு என் பதில்: பிரிபரப்புக்குச் சற்று உள்ளே, ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் மட்டும், பெருமளவு அடக்க வேண்டும், முழுக்க அடக்கக் கூடாது, பிரிபரப்புக்கு வெளியே அதை வளரவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில், உலை அளவில், பல நிமிடங்கள் தொடர்ந்து யாரும் செய்து காட்டியதில்லை. ஜெட் 2023 அக்டோபரில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை ஒரே துடிப்பில் தந்துவிட்டு அந்த ஆண்டின் இறுதியில் ஓய்வுபெற்றது. அந்தத் துடிப்பு நீடித்தது ஐந்தாறு விநாடிகள். ஈட்டரின் புதிய அட்டவணைப்படி ஆராய்ச்சி இயக்கம் 2034-ல் தொடங்கும். அதற்கு முன், 2023-ல் முதல் பிளாஸ்மாவைக் கண்ட ஜப்பானின் ஜே.டி.-60 எஸ்.ஏ. இயந்திரத்திலிருந்து வரும் பீட அளவீடுகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். மேலே நான் ஐயத்தின் பக்கம் வைத்தவற்றில் ஒன்றிரண்டையாவது அவை இடம் மாற்றக்கூடும்.